வறட்சியில் ஒழுகும் நீர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நகரக் குழாய்களில் ஏற்படும் நீர் இழப்பையும், கடும் வறட்சிக் காலத்தில் அதைக் குறைப்பதற்குச் சபைகளும் தனியாரும் பாவனையாளரும் கூட்டாகச் செய்யக்கூடியவற்றையும் பற்றி வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம். ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: யாழ்ப்பாணக் குடாநாட்டின் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இயங்கத் தொடங்கிவிட்டது. இனியும் குழாய் ஒழுக்கைப் பற்றிப் பேச வேண்டுமா? வறட்சியில் எமக்குத் தேவை கூடுதல் நீர்தானே?
(பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி)

பதில்: 2024 ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்ட அந்நிலையத்தின் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். அந்நீர் மழையைப் போல இலவசமாக வருவதில்லை. கடல்நீரை உயர் அமுக்கத்தில் சவ்வினூடாகத் தள்ளி உப்பைப் பிரிப்பதற்கு, இன்றைய தொழில்நுட்பத்தில், கனமீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய 3 முதல் 4 அலகு மின்சாரம் செலவாகிறது. நிலையம் முழுக் கொள்ளளவில் இயங்கும்போது அனுப்பப்படும் நீரில் ஐந்தில் ஒரு பங்கு வழியில் போய்விடுவதாக ஒரு கணக்குக்காக வைத்துக்கொண்டால், நாளாந்தம் 4,800 கனமீற்றர் நீரும், அதனுடன் சுமார் 17,000 அலகு மின்சாரமும் மண்ணுக்குள் போகும். ஓராண்டில் அது 60 இலட்சம் அலகைத் தாண்டும். இது யாழ்ப்பாணத்தில் அளந்து பெற்ற விகிதமன்று. ஆயினும் கற்பனைக்கு எட்டாத விகிதமுமன்று. கொழும்பு மாநகரில் பழைய குழாய்களை மாற்றும் பெருந்திட்டம் 2012 அளவில் வகுக்கப்பட்டபோது, அங்கே அனுப்பப்பட்ட நீரில் ஏறத்தாழப் பாதி வருமானமற்ற நீராகவே, அதாவது சபைக்குக் கட்டணம் வராத நீராகவே, கணிக்கப்பட்டது.

வருமானமற்ற நீர் முழுவதும் ஒழுகிப்போன நீர் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு பகுதி உண்மையாகவே கசிகிறது. இன்னொரு பகுதி பழுதடைந்த நீர்மானி, களவான இணைப்பு, தவறான பதிவு ஆகியவற்றால் கணக்கில் வராமல் போகிறது. வறட்சியில் நீரை மீட்டுத் தருவது பெரும்பாலும் முதலாவதைக் குறைப்பதுதான். இரண்டாவதைச் சீர்செய்தால் சபையின் வருமானம் கூடும், அணையில் நீர் கூடாது. இரண்டையும் ஒரே எண்ணுக்குள் அடைத்து வெற்றி அறிவிக்கும் அறிக்கைகளைச் சற்றுச் சந்தேகத்துடன் வாசிப்பது நல்லது.

எமது குழாய்களில் பெரும்பகுதி புதியது என்பது உண்மை. ஆனால் பெரும்பாலான கசிவுகள் தொடங்கும் இடம் வீதியின் பிரதான குழாயன்று. அதிலிருந்து வளவுக்குள் பிரியும் சிறு இணைப்புகளும் மூட்டுகளுமே. அங்கே வேலை செய்தவரின் கைப்பக்குவம் குழாயின் வயதைவிட முக்கியமானது.

கேள்வி: எங்கள் மண்ணுக்கு அடியில் இருப்பது சுண்ணக்கல். குழாயிலிருந்து ஒழுகும் நீர் நிலத்துக்குள் இறங்கி மீண்டும் எங்கள் கிணறுகளுக்குத்தானே வருகிறது? அதை எப்படி இழப்பு என்பீர்கள்?
(விவசாயி, கோப்பாய்)

பதில்: வந்த கடிதங்களில் மிகக் கூர்மையான கேள்வி இது, இதன் பாதி சரியானதுங்கூட. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாட்டில் வழுக்கையாறும் மழைக்காலத்தில்தான் ஓடுகிறது. எமக்கு உள்ளதெல்லாம் ஒக்தோபர் முதல் டிசம்பர் வரையான வடகீழ்ப் பருவமழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் சேர்த்துவைக்கும் நிலத்தடி நீரே. ஆகவே குழாயிலிருந்து இறங்கும் நீரும் அந்தச் சேமிப்பில் ஓரளவு சேரத்தான் செய்யும்.

ஆனால் எங்கே சேர்கிறது, என்னவாகச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். குடாநாட்டின் நன்னீர், கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின்மேல் ஒரு வில்லை வடிவில் மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் உயர்ந்திருந்தால் அதன் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது நீரியலில் நன்கறிந்த விதி. வெடிப்பும் குகையுமான எமது பாறையில் இவ்விதி அப்படியே பொருந்தாது. எனினும் அது காட்டும் திசை சரியானது. நன்னீர் மட்டத்தை அரை மீற்றர் இறைத்துக் குறைத்தால், கீழிருந்து உவர்நீர் அதைவிடப் பல மடங்கு மேலெழும். நகருக்கான நீரில் ஒரு பகுதி நெடுங்காலமாகக் கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கக் கிணறுகளிலிருந்தே வந்தது. அதாவது வில்லை தடிப்பாக இருக்கும் உள்நிலத்தில் இறைக்கிறோம். கசிவோ வில்லை மெலிந்துபோகும் கரையோர நகரப் பகுதிகளிலும் நிகழ்கிறது. குருநகரிலோ பாசையூரிலோ நிலத்துக்குள் இறங்கும் நீர் கோப்பாய்க் கிணற்றை நோக்கி நடந்து வருவதில்லை. அதற்குக் கடலேரி மிகவும் பக்கத்தில் இருக்கிறது.

இரண்டாவது விடயம் தரம். நகரத்தின் நெருக்கமான வளவுகளில் மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் உள்ள தூரம் உங்களுக்குத் தெரியும். சுத்திகரித்துக் குளோரின் இட்ட நீர் அந்த மண்ணினூடாக இறங்கும்போது நைத்திரேற்றையும் கிருமிகளையும் சுமந்துகொண்டே இறங்குகிறது. வலிகாமத்தின் பல கிணறுகளில் உரத்தாலும் குழிகளாலும் நைத்திரேற்று ஏற்கெனவே உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறது. பணம் கொடுத்துச் சுத்தமாக்கிய நீரை அழுக்காக்கித் திரும்பப் பெறுவதை மீள்நிரப்பல் என்று கொள்வது கடினம். மீள்நிரப்ப வேண்டுமானால் குளங்களைத் தூர்வாரி மழைநீரை இறக்குவது மலிவானது, தூய்மையானது. அதில் உங்கள் அனுபவம் எம்முடையதைவிட அதிகம்.

மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்லலாம். நீர் வெளியேறும் ஓட்டை, குழாயின் அமுக்கம் விழும் நேரத்தில் வெளிநீர் உள்ளே நுழையும் ஓட்டையாகவும் மாறும். வறட்சியில் நேரம் வைத்து நீர் விடும் ஊர்களில் வயிற்றோட்டம் பரவுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

கேள்வி: வறட்சியின்போது தென்னாபிரிக்காவில் தனியாருடன் கூட்டுச்சேர்ந்து நீர் இழப்பைக் குறைத்தார்கள் என்று வாசித்தேன். உண்மையில் யார் என்ன செய்தார்கள்? எமக்கு அது பொருந்துமா?
(ஓய்வுபெற்ற நிர்வாக சேவை அலுவலர், நல்லூர்)

பதில்: ஜொகனஸ்பேர்க்குக்குத் தெற்கே எம்ஃபுலேனி என்ற உள்ளூராட்சிப் பிரதேசத்தில் செபோகெங், எவாற்றன் என்று இரண்டு நகரியங்கள் உள்ளன. நிறவெறி ஆட்சிக் காலத்தில் கறுப்பின மக்களுக்கென அமைக்கப்பட்ட அவ்விடங்களில், ஏறக்குறைய 70,000 வீடுகளின் உள்குழாய்களும் மலசலகூடத் தாங்கிகளும் தரமற்றவையாய் இருந்தன. இரவில், யாரும் நீர் பாவிக்காத நேரத்திலும், மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 2,800 கனமீற்றர் நீர் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. எமது தாளையடி நிலையம் முழுமூச்சாக இயங்கினாலும் மணித்தியாலத்துக்கு 1,000 கனமீற்றரே தரும் என்பதை நினைத்தால் அந்த அளவு விளங்கும்.

சபையிடம் பணமில்லை. 2005 இல் ஒரு தனியார் பொறியியல் நிறுவனம் தன் செலவிலேயே, அவ்விரு நகரியங்களுக்கும் நீர் செல்லும் பிரதான குழாய்களில் அமுக்கத்தைக் குறைக்கும் வால்வுத் தொகுதியை நிறுவியது. குழாயையோ கட்டணம் அறவிடும் உரிமையையோ அந்நிறுவனம் வாங்கவில்லை. அளந்து நிரூபிக்கப்பட்ட சேமிப்பில் ஐந்தில் ஒரு பங்கை ஐந்தாண்டுகளுக்குப் பெறுவதே ஒப்பந்தம். நீர் மிஞ்சாவிட்டால் பணமும் இல்லை. சபை ராண்ட் வோட்டர் என்ற நீர்ச்சபையிடம் மொத்தமாக நீர் வாங்கி வந்ததால், சேமிப்பு மாதாந்தக் கட்டணப் பட்டியலிலேயே தெரிந்தது. யாரும் விவாதிக்க இடமிருக்கவில்லை. நீரின் அளவு ஏறக்குறைய 30 வீதம் குறைந்தது. போட்ட முதல் ஓராண்டுக்குள்ளேயே மீண்டுவிட்டது. கேப் டவுனின் கயெலிற்ஷா நகரியத்தில் 2001 அளவில் இதே முறை ஆண்டுக்கு ஏறக்குறைய 90 இலட்சம் கனமீற்றரை மிச்சப்படுத்தியிருந்தது. எம்ஃபுலேனிக்கு வழிகாட்டியது அதுவே.

அமுக்கத்தைக் குறைப்பதால் இவ்வளவு பயன் எப்படி என்ற ஐயம் எழலாம். 30 மீற்றர் உயரமான நீர்நிரல் தரும் அமுக்கத்தில், 3 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு துளையிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 9,000 லீற்றர் நீர் வெளியேறும். அமுக்கத்தைப் பாதியாக்கினால் அது சுமார் 6,300 லீற்றராகும். பிளாஸ்ரிக் குழாயில் நீளவாக்கில் விழுந்த வெடிப்பு என்றால் குறைவு இதைவிட அதிகம். ஏனெனில் அமுக்கம் இறங்கும்போது வெடிப்பே ஒடுங்குகிறது. ஒரு கசிவைக்கூடத் தேடிப் பிடிக்காமல் எல்லாக் கசிவுகளையும் ஒரே நேரத்தில் மெலியச் செய்யும் வழி இது ஒன்றுதான்.

அதே பிரதேசத்தில் பின்னர் தொடங்கிய இன்னொரு கூட்டுமுயற்சி இதைவிட என்னைக் கவர்ந்தது. வால் ஆற்று நீரை நம்பியிருக்கும் சசோல் என்ற பெரும் இரசாயன நிறுவனமும், ஜேர்மன் அரசின் அபிவிருத்தி உதவி நிறுவனமான ஜீஐஸற்றும், எம்ஃபுலேனிச் சபையும் சேர்ந்து, வீடு வீடாகச் சென்று ஒழுகும் குழாய்களையும் தாங்கிகளையும் திருத்தின. திருத்துபவர்களாக அவ்வூர் இளைஞர்களையே பயிற்றுவித்தன. தொழிற்சாலைக்கு இதில் என்ன இலாபம்? தன் ஆலைக்குள் இன்னும் சில துளிகளைச் சேமிக்கச் செய்யும் செலவுடன் ஒப்பிட்டால், அதே ஆற்றுத் தொகுதியிலிருந்து நீர் பெறும் நகரியத்தின் ஒழுக்கை நிறுத்துவது பல மடங்கு மலிவு என்று அது கண்டது. கொடையாக அன்றி, தன் நீருக்கான காப்புறுதியாகவே அது பணம் போட்டது. பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிகழ்ச்சிகளில் பனர் கட்டி வழங்கப்படும் நீர்த்தாங்கிகளைவிட இவ்வாறான சுயநலம் நீண்டகாலம் நிலைக்கக்கூடியது என்பது எம் எண்ணம்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே சபை பின்னர் ராண்ட் வோட்டருக்குப் பெருங்கடன் பட்டு, கழிவுநீர் வால் ஆற்றில் கலப்பதைத் தடுக்க முடியாத நிலைக்கும் வந்தது. ஒப்பந்தம் ஒழுக்கைக் குறைக்கும். சபையின் நிர்வாகத்தை அது திருத்தாது.

யாழ்ப்பாணத்துக்குப் பொருந்துமா என்றால், இரண்டு வேறுபாடுகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இங்கே நீரை உற்பத்தி செய்வதும் விநியோகிப்பதும் பெரும்பாலும் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையே; ஆகவே சேமிப்பு ஒரு பட்டியலில் தானாகத் தெரியாது. பிரதேசவாரியாக மானி பூட்டி, இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் ஓடும் நீரை ஓராண்டுக்காவது அளந்துவைத்தால்தான் எவருடனும் ஒப்பந்தம் பேச முடியும். கிளிநொச்சியில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தின் மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள இறுதியாண்டு ஆய்வு கிடைக்காது. இரண்டாவது, இங்கே வீட்டுக்கு வீடு கிணறு இருப்பதால் குழாய் நீரின் பாவனை குறைவு. குறைந்த பாவனையில் பழைய நீர்மானி மெதுவான ஓட்டத்தைப் பதியாமலே விட்டுவிடும். அதை ஒழுக்கு என்று கணக்கிட்டு ஒரு நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துவிடக் கூடாது.

கேள்வி: கூட்டாண்மை என்ற பெயரில் நீரையும் விற்கப் போகிறார்களா?
(தொழிற்சங்க உறுப்பினர், கொக்குவில்)

பதில்: அச்சம் நியாயமானது. மேற்சொன்ன வகை ஒப்பந்தத்தில் குழாய், கட்டணம், இணைப்புக் கொடுப்பது, துண்டிப்பது எதுவும் தனியார் கைக்குப் போவதில்லை. போவதாக ஒரு வரி இருந்தாலும் அது வேறு ஒப்பந்தம், அதை எதிர்ப்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. தனியார் இல்லாமலும் இது நடக்கும் என்பதற்குக் கம்போடியாவின் தலைநகரான நொம்பென் சான்று. 1993 இல் அந்நகரின் அரச நீர்ச்சபை தான் அனுப்பிய நீரில் 72 வீதத்துக்குக் கணக்குக் காட்ட முடியாதிருந்தது. பதினைந்து ஆண்டுகளில் அது 6 வீதமளவுக்கு வந்தது. எக் சொன் சான் தலைமையில் இயங்கிய அச்சபை, எல்லா இணைப்புகளுக்கும் நீர்மானி பூட்டியது. பணம் கட்டாத பெரிய இடங்களையும் விட்டுவைக்கவில்லை. இழப்பைக் குறைத்த ஊழியருக்கு வெகுமதி கொடுத்தது. அங்கே பங்காளிகளாய் இருந்தவர்கள் ஊழியரும் பாவனையாளருமே. ஒப்பந்தப் பிரதி ஒவ்வொன்றும் சபை அலுவலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும் என்று உங்கள் சங்கம் கேட்டால், அதுவே நல்ல தொடக்கம்.

கேள்வி: யாழ்ப்பாண நகருக்கு நீர் தருவதற்காக எங்கள் இரணைமடுக் குளத்தைக் கேட்டபோது நாங்கள் எதிர்த்தோம். இப்போது எங்களைத் தன்னலக்காரர் என்கிறார்கள். வேறெங்காவது விவசாயிகள் நகரத்துக்கு நீர் கொடுத்திருக்கிறார்களா?
(நெற்செய்கையாளர், கிளிநொச்சி)

பதில்: கொடுத்திருக்கிறார்கள். 2015 தொடக்கம் 2018 வரையான வறட்சியில் கேப் டவுன் நகரம் குழாய்களை மூட வேண்டிய பூச்சிய நாளை எண்ணிக்கொண்டிருந்தபோது, 2018 பெப்ரவரியில் குரூன்லான்ட் நீர்ப் பாவனையாளர் சங்கத்தைச் சேர்ந்த பழச்செய்கையாளர்கள் தங்கள் அணையிலிருந்து 1,000 கோடி லீற்றர் நீரை நகரத்தின் அணைக்குத் திறந்துவிட்டார்கள். நகரத்தின் அன்றைய பாவனைக்கு அது ஏறக்குறைய இருபது நாளுக்குப் போதுமானது.

ஆனால் அதற்கு முன் நகரம் என்ன செய்திருந்தது என்பதே எமக்கு முக்கியம். 2015 தொடக்கத்தில் நாளொன்றுக்கு 120 கோடி லீற்றரளவில் இருந்த பாவனையை, 2018 தொடக்கத்தில் 50 கோடிக்கு நெருக்கமாகக் குறைத்திருந்தது. ஆளுக்கு 50 லீற்றர் என்ற எல்லை அந்தப் பெப்ரவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. வீதி வீதியாக அமுக்கம் குறைக்கப்பட்டது. ஸ்ரெலன்பொஷ் பல்கலைக்கழகத்தின் முன்னெடுப்பில், ஷொப்றைற் போன்ற நிறுவனங்களின் நிதியுடன் நூற்றுக்கணக்கான பாடசாலைகளில் நவீன நீர்மானிகள் பூட்டப்பட்டு, இரவில் ஓடும் நீர் கண்டறியப்பட்டது. நீர் கேட்டுவந்த நகரம் தன் வீட்டைத் திருத்திவிட்டு வந்தது.

இரணைமடுவைப் பற்றிய பேச்சில் விடுபட்டது இதுதான். உங்கள் வாய்க்காலில் வரும் நீரின் அளவை நீங்கள் சிறுபோகக் கூட்டத்தில் ஏக்கர் கணக்கில் பங்கிடுகிறீர்கள். நகரம் தனக்கு வரும் நீரில் எவ்வளவு எங்கே போகிறது என்ற கணக்கை ஒருபோதும் உங்கள் முன் வைத்ததில்லை. 2017 இல் கண்டது போன்ற வறட்சி மீண்டும் வந்து அந்த மேசையில் நீங்கள் அமர நேர்ந்தால், முதலில் இரவு நீரோட்டக் கணக்கைக் கேளுங்கள். அதைக் கேட்பது தன்னலமாகாது.

கேள்வி: இரவில் அமுக்கத்தைக் குறைத்தால், தொடர்மாடியின் மேல்தளத்தில் இருக்கும் எங்களுக்கு நீர் ஏறுமா?
(இல்லத்தரசி, குருநகர்)

பதில்: கவனமின்றிக் குறைத்தால் ஏறாது. 2014, 2015 ஆம் ஆண்டுகளின் வறட்சியில் பிரேசிலின் சாவோ பாவுலோவில் இதுவே நடந்தது: இரவில் அமுக்கத்தைக் குறைத்ததால் பெருமளவு நீர் மிஞ்சியது, ஆனால் மேட்டிலும் குழாயின் கடைசியிலும் இருந்த ஏழைக் குடியிருப்புகளுக்குப் பல மணித்தியாலங்கள் நீர் வரவேயில்லை. தாங்கி வைத்திருந்தவர்கள் வறட்சியை உணரவில்லை. தாங்கியில்லாதவர்கள் முழுவதையும் சுமந்தார்கள். ஆகவே மேல்தளங்களுக்கு நிலமட்டத் தாங்கியும் பம்பியும் அமைத்த பின்னரே வால்வைத் தொட வேண்டும் என்பதும், ஒவ்வொரு வலயத்தின் கடைக்கோடியிலும் ஓர் அமுக்கமானி இருக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டியவை. அந்த மானியின் வாசிப்பை உங்கள் குடியிருப்பாளர் சங்கமே பார்க்கட்டும்.

கேள்வி: எங்கள் பாடசாலையில் நீர்க்கட்டணம் கூடிக்கொண்டே போகிறது. ஒழுக்கு எங்கே என்று நாங்களே கண்டுபிடிக்க முடியுமா?
(ஆசிரியை, சாவகச்சேரி)

பதில்: முடியும். வெள்ளிக்கிழமை பாடசாலை விட்ட பிறகு, எல்லாக் குழாய்களையும் பூட்டி, தாங்கி நிரம்பி மிதவை வால்வு மூடிக்கொண்டதை உறுதிசெய்தபின் நீர்மானியின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலையில் மீண்டும் பாருங்கள். இலக்கம் நகர்ந்திருந்தால் ஒழுக்கு மானிக்கு உள்பக்கம், அதாவது உங்கள் பொறுப்பில். அடுத்து மலசலகூடத் தாங்கிகளில் சிறிது உணவுச் சாயத்தைக் கலந்து, நீரைத் திறக்காமல் அரைமணித்தியாலம் பொறுத்தால், கோப்பையில் நிறம் தெரிகிற இடத்தில் றப்பர் தேய்ந்திருக்கிறது. சத்தமே இல்லாமல் ஒழுகும் ஒரு தாங்கி நாளொன்றுக்குச் சில நூறு லீற்றரை விழுங்கிவிடும். றப்பரின் விலை அதற்கு ஒன்றுமேயில்லை. மேல்தாங்கி நிரம்பி வழிகிறதா என்பதை இரவுக் காவலாளியிடம் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும். பத்தாந்தர மாணவர்களிடம் இந்த அளவீட்டை ஒப்படைத்தால் கணித பாடத்தின் வீதக் கணக்குக்கு வேறு உதாரணம் தேட வேண்டியிராது.

கேள்வி: குழாயே இல்லாமல் பௌசரில் நீர் வாங்கும் தீவுப் பகுதி மக்களுக்கு இதெல்லாம் எதற்கு?
(மீனவர், வேலணை)

பதில்: வறட்சியில் உங்கள் ஊருக்கு வரும் பௌசர் நகரத்தின் தாங்கியிலிருந்தே நிரப்பப்படுமானால், நகரத்தின் ஒரு வீதியில் இரவு முழுவதும் ஒழுகியது உங்களுக்கான நடைகளே. முன்னே காட்டிய 3 மில்லிமீற்றர் துளை ஒன்று போதும், 9,000 லீற்றர் பௌசர் ஒன்றை நாளுக்கொரு தடவை வெறுமையாக்குவதற்கு. பௌசர் வராத நாட்களின் திகதிகளைக் குறித்து வைத்து, பிரதேச செயலகக் கூட்டத்தில் நகர விநியோகத்தின் இழப்புக் கணக்குடன் சேர்த்துக் கேளுங்கள்; இதுவரை அவ்விரண்டையும் ஒரே தாளில் எழுதி யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.